நோட்டின் வலப்பக்கம்

ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பள்ளிக்கூடத்தில் ஆள் வைப்பார்கள் என்பதை ஷர்மிளாவின் கோபிச்செட்டிப்பாளையத்துச் சொந்தக்காரர்கள் கடைசிவரை நம்பவில்லை. வாத்தியாருக்கு வாத்தியாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். விளக்கிப் பார்த்து அலுத்துப்போய், டீச்சர் வேலை என்றே அவளும் சொல்லிக்கொண்டாள். கச்சிபௌலியில் கணவனை ஆபீஸ் வண்டிக்கு அனுப்பிவிட்டு, ஊரின் மறுகோடியில், செகந்திராபாத் பக்கம் இருக்கும் குஷாய்குடாவுக்கு மெட்ரோவிலும் ஆட்டோவிலுமாக ஒன்றரை மணி நேரம் போய், வகுப்பின் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து பாடம் பார்ப்பதும், பிறகு அந்த ஆசிரியரோடு பேசுவதும்தான் அவள் வேலை.

இதே வேலைக்கு அந்தப் பள்ளியில் இன்னொருவரும் இருந்தார், கிருஷ்ணகுமார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், ஓரெழுத்து படிக்கத் தெரியாது. நிர்வாகம் இரண்டு பேரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்து, ஒரு வருடம் அவரவர் வழியில் செய்யுங்கள், யாருடைய வழி நன்றாக இருக்கிறதோ அதையே எங்கள் மூன்று கிளைகளிலும் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. இரண்டு கடைக்காரர்களை எதிரெதிரே உட்காரவைத்துவிட்டுச் சண்டை போடாதீர்கள் என்று சொன்ன மாதிரிதான்.

கிருஷ்ணகுமார் கையில் சிலேட்டு மாதிரி, தொடுதிரை வைத்த ஒரு டேப் இருக்கும். அதில் முப்பத்திரண்டு கேள்விகள். பாடத்தின் நோக்கம் போர்டில் எழுதியிருக்கிறதா, ஆசிரியர் இரண்டு பக்கமும் பார்த்துப் பேசினாரா, மாணவர்களைக் கேள்வி கேட்க ஊக்கப்படுத்தினாரா என்று வரிசையாகப் போகும். டிக் அடித்துக்கொண்டே போவார். சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் ஆசிரியரின் போனுக்கு மார்க் வந்துவிடும். இருபத்தெட்டுக்கு மேல் பச்சை, இருபதுக்குக் கீழே சிவப்பு. ஆசிரியர்கள் அவரை வெறுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துபோகிறது, அதைச் சரிசெய்துவிட்டால் அவர் விட்டுவிடுகிறார் என்றார்கள்.

ஷர்மிளாவிடம் டேப் கிடையாது. ஆளுக்கொரு இருநூறு பக்க நோட்டு வைத்திருந்தாள். இடப்பக்கத்தில் அவள் எழுதுவாள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பது மட்டும் இருக்கும், நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை இருக்காது. வலப்பக்கம் ஆசிரியருக்கு. படித்துப் பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறதோ அதை, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், வெறுமனேயும் விடலாம். இதற்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தாள். நோட்டை முதன்முதலாகக் கொடுக்கும்போது எல்லோரிடமும் அதைச் சொல்வாள். பானுவிடமும் சொன்னாள்.

"அக்கா, இந்த நோட்டு உங்களையும் என்னையும் தாண்டிப் போகாதுங்க. பிரின்சிபாலே கேட்டாலும் தரமாட்டேன்."

பானு நோட்டை வாங்கி மணிபர்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "ஹவ், சரி மேடம், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

பானு ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். வயது நாற்பத்தாறு. அவருடைய அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர். காலனியில் அப்போது இருந்த தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும், பிறகு தெலுங்கிலும் இங்கிலீஷிலுமாகப் படித்தவர். பத்தொன்பது வருடமாக அதே பள்ளியில், அதே மாடியில் இருக்கிறார். போர்டில் அவர் எழுதினால் ஸ்கேல் வைத்து எழுதியது போல இருக்கும். பிள்ளைகள் சத்தமே போட மாட்டார்கள். பரீட்சையில் மார்க்கும் குறைவதில்லை. முதல் இரண்டு மாதம் ஷர்மிளா இடப்பக்கத்தை நிரப்பிக்கொண்டே போனாள், வலப்பக்கம் வெறுமனே திரும்பி வந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் பின்னங்களை வகுக்கும் பாடம். முக்காலை அரைக்காலால், அதாவது எட்டில் ஒன்றால், வகுக்க வேண்டும். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பு, பெருக்கு, விடை ஆறு. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சில் ஸ்ரவந்தி என்ற பெண் எழுந்து, "டிவைட் சேஸ்தே தக்காலி கதா மேடம், எந்துக்கு பெரிகிந்தி?" என்று கேட்டாள். வகுத்தால் குறையத்தானே வேண்டும், ஏன் கூடிவிட்டது என்பது கேள்வி. அது ரூல் அம்மா, எழுதிக்கோ என்று பானு தெலுங்கில் பதில் சொன்னார். ஸ்ரவந்தி உட்கார்ந்துவிட்டாள். ஷர்மிளா கேள்வியையும் பதிலையும் அப்படியே இடப்பக்கத்தில் எழுதினாள். கீழே, ஸ்ரவந்தி அதற்குப்பின் பாடம் முடியும்வரை பென்சில் சீவிக்கொண்டிருந்தாள் என்று ஒரு வரி சேர்த்தாள்.

மூன்று நாள் நோட்டு திரும்பி வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது வலப்பக்கத்தில் எழுத்து இருந்தது. தமிழில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்துகள், கோட்டின்மேல் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தன.

'ஏன் என்று எனக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷமாகத் தெரியாமலே நடத்துகிறேன். யாரிடமும் கேட்க வெட்கம்.'

ஷர்மிளா அதை மாடிப்படியில் நின்றுகொண்டே படித்தாள். கண் கலங்கிவிட்டது. பி.எட். படித்தபோதும் சரி, எட்டு வருடம் வகுப்பெடுத்தபோதும் சரி, எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையில் கொடுத்த ஆசிரியரை அவள் பார்த்ததில்லை. அவளே அப்படி எழுதியிருக்க மாட்டாள்.

அதற்குப்பின் மூன்று வாரம் இருவரும் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தார்கள். பழைய நோட்டீஸ்களை நாடா நாடாவாகக் கிழித்து மடித்தார்கள். முக்கால் நாடாவுக்குள் அரைக்கால் நாடாவை எத்தனை முறை வைக்க முடிகிறது என்று பானு தன் விரலாலேயே எண்ணிப் பார்த்தார். ஆறு. எண்ணி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வகுப்பது என்றால் பங்கு போட்டுக் குறைப்பது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம். எத்தனை தடவை அடங்குகிறது என்றும் கேட்கலாம் என்பது எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்கும், தான்தான் தாண்டிப் போய்விட்டேன் என்றார். அன்று தன் டப்பாவில் இருந்த கீமா ரொட்டியை, வேண்டாம் என்று சொன்னவளிடம், "நக்கோ சொல்லக்கூடாது, சாப்பிடுங்க" என்று பாதி பிய்த்து வைத்தார்.

செப்டம்பரில் அதே பாடத்தை இன்னொரு முறை எடுத்தார். இம்முறை பிள்ளைகள் கையில் காகித நாடா. வகுப்பில் ஒரே சத்தம். ஸ்ரவந்தி மடிப்பை எண்ணிவிட்டு, ஆறு முறை அடங்குகிறது, அதனால்தான் ஆறு என்று கத்தினாள். அன்று வலப்பக்கத்தில் பானு அரைப்பக்கத்துக்கு எழுதினார். அதற்கப்புறம் எல்லா வாரமும் எழுதினார். எதிர் எண்கள் தனக்கு எங்கே குழம்புகிறது, எந்தப் பிள்ளையைப் பார்த்தால் தனக்குப் பயம், எல்லாம் அந்தப் பெரிய எழுத்தில் வந்தன. எழுத்துகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தன.

ஜனவரியில் கல்வி இயக்குநர் ராகவேந்திரா இரண்டு பேரையும் கூப்பிட்டார். மூன்று கிளைகளுக்கும் பொறுப்பான மனிதர், குரலை உயர்த்தாதவர். கிருஷ்ணகுமார் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஜூனில் பச்சை நாலு பேர், இப்போது பதினேழு பேர். கோடு மேலே மேலே ஏறியது. பிறகு இயக்குநர் ஷர்மிளாவின் பக்கம் திரும்பி, உங்கள் வழியில் மாற்றம் நடக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். அவளிடம் இருந்ததெல்லாம் பதினொரு நோட்டுகள்தான், அவற்றைக் காட்ட முடியாது. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இந்த இடத்தில் ஷர்மிளாவைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் தன் வழிதான் சரி என்று நிரூபிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை வந்தவர்களுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாது. மூன்று பக்க அறிக்கை எழுதினாள். ஓர் ஆசிரியை எங்கே தொடங்கினார், எங்கே வந்து சேர்ந்தார் என்று எழுதினாள். எவ்வளவு தூரம் வந்தார் என்பதைக் காட்ட வேண்டுமென்றால், கிளம்பிய இடத்தைக் காட்டாமல் எப்படி? ஆகஸ்டில் பானு எழுதித் தந்த அந்த மூன்று வரிகளை இங்கிலீஷில் அழகாக மொழிபெயர்த்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, முதல் பக்கத்திலேயே வைத்தாள். நோட்டை யாருக்கும் காட்டவில்லை, விதி உடையவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெயரும் போடவில்லை, 'ஓர் ஆசிரியை' என்றுதான் இருந்தது. ஏழாம் வகுப்பு, பின்னம், பத்தொன்பது வருட அனுபவம் என்றும் இருந்தது. அந்தக் கிளையில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஒரு தடவை தோன்றியது, அனுப்பிவிட்டாள். பானு பக்கத்து அறையில்தான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார், எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அறிக்கையை இயக்குநர் மிகவும் பாராட்டினார். இப்படி ஒன்றைத் தன் வாழ்நாளில் படித்ததில்லை என்று பதில் போட்டார். ஷர்மிளா அதை வீட்டில் கணவனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை கிருஷ்ணகுமார்தான் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் இயக்குநர் பானுவைக் கூப்பிட்டனுப்பினாராம். ஒரு தாளை எடுத்து, 'ஏன் என்று எனக்கும் தெரியாது' என்று படித்தாராம், இது நீங்கள் சொன்னதா என்று கேட்டாராம். பானு ஆமாம் என்றாராம். நேர்மைக்கு நன்றி, ஆனால் பெற்றோர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றாராம். பிப்ரவரி முடியும்வரை கிருஷ்ணகுமார் வந்து வகுப்பைப் பார்ப்பார், இருபத்தெட்டுக்கு மேல் வந்தால் ஏழாம் வகுப்பு, இல்லையென்றால் வரும் ஜூனிலிருந்து கணக்கு கிடையாது, லீவு போட்டவர்களின் வகுப்பில் போய் உட்காரலாம்.

ஷர்மிளா நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அறிக்கையின் மிச்ச இரண்டரைப் பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டாள். படித்தேன் என்றார் அவர், அமைதியாக. தெரியாது என்று சொன்னதால்தான் அவர் கற்றுக்கொண்டார், தெரியும் என்று நடிக்கிறவர்களைவிட அவர் எவ்வளவோ மேல் என்று வாதாடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "உங்க அறிக்கைய நான் முழுசா நம்பறேன் மேடம். நம்பினதாலதான் இந்த முடிவு."

வெளியே வந்து பானுவைத் தேடினாள். பானு வகுப்பில் இருந்தார். வகுப்பு முடிந்ததும் வேறு வகுப்பில் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டுச் சாமான் அறை பூட்டியிருந்தது. மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் ஆசிரியர் அறையில் எதிரே வந்தபோது, டைம் இல்ல மேடம், கிருஷ்ணகுமார் சார் வரச் சொல்லியிருக்கார் என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஷர்மிளா அவரைத் தேடிப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

கிருஷ்ணகுமாரிடம் போய்க் கெஞ்சினாள், எப்படியாவது அவரைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று. அவர் கெஞ்ச வேண்டியதில்லை என்றார். ஏற்கெனவே முப்பத்திரண்டு கேள்விகளையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டாராம், தினமும் பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம் இருவரும் ஒத்திகை பார்க்கிறார்களாம். சொல்லிவிட்டு, டேப்பை மூடிக்கொண்டே அவர் சொன்னதை ஷர்மிளா இப்போதும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க என்கூடப் போட்டி போடறப்போல்லாம் எனக்கு ஒண்ணு தோணும். என்கிட்ட எந்த டீச்சரும் மனசத் திறந்து ஒண்ணும் சொன்னதில்ல. அதனால என்கிட்டேர்ந்து வெளிய போறதுக்கும் ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட எல்லாத்தையும் கொடுத்துட்டாங்க. அத வெச்சுக்கத் தெரியணும் இல்லையா?"



பிப்ரவரி கடைசியில் பானுவுக்கு முப்பது மார்க் வந்தது. நல்ல பச்சை. ஏழாம் வகுப்பு அவருக்கே என்று உறுதியானது. அதே வாரத்தில் நிர்வாகத்தின் முடிவும் வந்தது. வரும் வருடத்திலிருந்து மூன்று கிளைகளிலும் ஷர்மிளாவின் நோட்டு முறைதான், கிருஷ்ணகுமாரின் டேப் கூடவே இருக்கும். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். நோட்டுகளை மாதக் கடைசியில் இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவருக்குப் படிக்க ஆர்வமாக இருக்கிறதாம். அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்துப் போட்டோவும் எடுத்தார்கள். நோட்டுகளை அனுப்ப முடியாது என்று அவள் அங்கேயே சொன்னாள். ஜூனில் பேசிக்கொள்ளலாம் என்று இயக்குநர் சிரித்தார்.

மார்ச் முதல் வாரத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, பானுவின் வகுப்புக்குப் போய் அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வகுப்பு ரொம்ப நன்றாக இருந்தது. போர்டின் மூலையில் இன்றைய நோக்கம், கட்டம் போட்டு எழுதியிருந்தது. பானு இடப்பக்கம் நான்கு தடவை, வலப்பக்கம் நான்கு தடவை பார்த்துப் பேசினார். ஆறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குரலில் எங்கும் தடுக்கல் இல்லை. கதவோரச் சுவரில் வண்ணத்தாளில் 'கேள்விச் சுவர்' என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தது, அதன் கீழே வரிசையாக மஞ்சள் சீட்டுகள்.

எதிர் எண்ணை எதிர் எண்ணால் பெருக்கினால் நேர் எண் என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்ரவந்தி எழுந்தாள். ஏன் மேடம் என்று கேட்டாள்.

பானு சிரித்த முகமாகத் திரும்பினார். ரொம்ப நல்ல கேள்வி என்றார். எல்லோரும் கைதட்டுங்கள் என்றார். மேசையிலிருந்து மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஸ்ரவந்தி கேள்வியை அதில் எழுதி, நடந்துபோய்ச் சுவரில் ஒட்டிவிட்டு, வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பென்சில் சீவியை எடுத்தாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியபின் ஷர்மிளா அந்தச் சுவரருகே போய் நின்றாள். இருபதுக்கு மேல் சீட்டுகள் இருந்தன. பசை காய்ந்து ஓரம் சுருண்டவையும் இருந்தன. எந்தச் சீட்டிலும் பதில் இல்லை. அவள் பக்கம் திரும்பாமல் பானு போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த அறிக்கை நான்தானுங்க எழுதிக் குடுத்தேன். பேர் போடலீங்க. ஆனா தப்பு தப்புதான்."

"தெரியும் மேடம். அவரு படிக்க ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிடுச்சு."

"உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. பிறகு, "இல்லீங்க. எனக்கு நல்லதுன்னு நெனச்சு எழுதினேன்" என்றாள்.

பானு துடைப்பானைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் ஷர்மிளாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இந்த ஸ்கூல்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு மேடம். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. எனக்கு ஒழுங்கா எழுத வராது, சிரிப்பீங்களோன்னு வேற பயம். இருந்தாலும் கைக்கு, எதுக்குத் தமிழ்ல எழுதினேன்? வேற யாரும் படிக்க முடியாதுன்னுதானே? அவரு படிச்சது இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் எழுதாத பாஷையில என் வார்த்தைய அவரு என் முன்னால படிக்கிறாரு. நான் ஆமாங்கறேன்."

ஷர்மிளா அழுதாள். பானு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த பீரியடுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நோட்டைக் கொடுங்கள், வழக்கம்போல எழுதித் தந்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார். இன்றைக்கு எழுத வேண்டாம், எப்போதுமே வேண்டாம் என்று ஷர்மிளா சொல்லிப் பார்த்தாள். பரவாயில்லை, ரெக்கார்டு இருக்கட்டும் என்றார் பானு.

இடப்பக்கத்தில் ஷர்மிளா எழுதியிருந்தது இரண்டே வரிகள். ஸ்ரவந்தி கேட்டாள். சீட்டை ஒட்டிவிட்டு வந்து பென்சில் சீவினாள். பானு அந்த இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். வெகுநேரம் அங்கேயே விரல் நின்றது.  பிறகு பானு பேனாவைத் திறந்து வலப்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பாடம் நன்றாக நடந்தது, நோக்கம் நிறைவேறியது, மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றார்கள், நன்றி. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அந்த நோட்டில் முதன்முறையாக இங்கிலீஷில் எழுதியிருந்தார். போர்டில் எழுதுவது போலவே இருந்தது, ஸ்கேல் வைத்தது மாதிரி, ஒரு பிழை இல்லாமல். மூடி அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே நீங்க மொழிபெயர்க்கிற வேலை இல்ல மேடம். அப்படியே அனுப்பிடலாம்."